பன்னீர்ச் செம்பு ஏந்திய பெருந்தகைகளுக்கு

மாட்சிமை தாங்கிய அலைபேசி நிறுவனத்தாருக்கு, மதுரை அரசரடியிலிருந்து தங்கள் பழைய சந்தாதாரன் எழுதிக்கொள்வது.

போன ஞாயிற்றுக்கிழமை, மறதி நோயுள்ள என் அப்பா அரப்பாளையத்தில் குமுளி பஸ் ஏறிவிட்டார். எங்களுக்குத் தெரியாது. போன் அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. ஆள் எங்கே என்று தங்களைக் கேட்டோம். "கஸ்டமர் பிரைவசி சார். யார் பேர்ல சிம் இருக்கோ அவங்களே கூப்பிடணும்" என்றது ஒரு தேன்குரல். காணாமல் போனவரே கூப்பிட்டு, "நான் எங்கம்மா இருக்கேன்?" என்று கேட்க வேண்டுமாம்! ஸ்டேஷனில், மேலதிகாரியிடமிருந்து மெயில் போனால்தான் ஆச்சு என்றார்கள். அவர் பந்தோபஸ்தில் இருந்தார்.

ராத்திரி, குமுளி டீக்கடைக்காரர் ஒருவர் புண்ணியத்தில் அப்பா கிடைத்தார். அப்பாவின் போனில், சாயங்காலம் 4.12-க்குத் தாங்கள் அனுப்பிய குறுஞ்செய்தி: "வெல்கம் டு கேரளா."

மெய்சிலிர்த்துவிட்டது. கல்யாண மண்டப வாசல் மாதிரி, எல்லையில் கால் வைத்ததுமே பன்னீர் தெளித்திருக்கிறீர்கள்! உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, கம்பம் என்று டவருக்கு டவர் செம்போடு நின்றிருக்கிறீர்கள். பெற்ற பிள்ளைக்கு ஒரு சொட்டுத் தெளிக்கத்தான் பிரைவசி தடுத்திருக்கிறது. கடன் வேண்டுமா என்று கூப்பிடுகிறவர்களுக்கு என் நம்பர் போனபோது அந்தப் பிரைவசி பந்திக்குப் போயிருந்ததோ?

அமெரிக்காவில் 2007-ல் கெல்சி ஸ்மித் என்ற 18 வயதுப் பெண் கடத்தப்பட்டாள். போன் கம்பெனி இடம் சொல்ல நான்கு நாள் ஆனது. கிடைத்தது உடல். உயிருக்கு ஆபத்து என்று போலீஸ் கேட்டால் சொல்லியே ஆகவேண்டும் என்று கான்சாஸ் மாநிலம் 2009-ல் அவள் பெயரிலேயே சட்டம் போட்டது. இங்கே, 2016-ல் போட்ட விதிப்படி போனில் அபாயப் பொத்தான் உண்டு, ஜி.பி.எஸ். உண்டு. பொத்தானை அழுத்த, தான் தொலைந்தது தொலைந்தவருக்குத் தெரிய வேண்டுமே! அப்பாவுக்கு அன்றைக்குத் தன் பேரே தெரியவில்லை. லோயர் கேம்ப் மலைப்பாதையில் இறங்கியிருந்தால்? தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டு இருந்தீர்களே, நீங்களெல்லாம் மனுசங்கதானா?

மன்னிக்கவும். தங்கள் சமுகத்தில் குரல் உயர்ந்துவிட்டது.

கண்ட போலீஸ்காரரும் கண்டவரைத் துழாவ வழி கேட்கவில்லை. 112-ல் ஆபத்து என்று பதிவானவரின் இடத்தை மட்டும், கேட்டது யார் என்ற பதிவோடு, அப்போதே போலீசுக்குச் சொல்லுங்கள். அதுவும் முடியாதென்றால், பன்னீர்ச் செய்தியில் ஒரு நகலை வீட்டு நம்பருக்கும் தட்டிவிடுங்கள். கட்டணத்தை ரீசார்ஜில் சேர்த்துக்கொள்ளலாம். எப்படியும் ஏற்றத்தானே போகிறீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் பாஷையில், "மதிப்புமிக்க வாடிக்கையாளர்"