இடது துளைக் கோட்பாடு: தேவாரம் மேடைகளில் ரிதம் பேட்டின் பின்புறம் குறித்து ஓர் ஆய்வு

ரிதம் பேட்டின் முன்புறத்தைப் பற்றி உலகம் போதுமான அளவு பேசிவிட்டது. எட்டு ரப்பர் கட்டங்கள், இரண்டு குச்சிகள், வாசிப்பவர் இரவிலும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி, எல்லாம் முன்புறச் செய்திகள். பெட்டியின் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்கத்தான் எவருக்கும் மனம் வரவில்லை. அக்குறையை நீக்க எழுந்தது இக்கட்டுரை.

ஆய்வெல்லை தேவாரம் ஊரும் சுற்றுப்புறமும்: வடக்கே போடி, தெற்கே கோம்பை, கிழக்கே சின்னமனூர், மேற்கே மலை. மலைக்கு அந்தப் பக்கம் செண்டை வாசிக்கிறார்கள். செண்டைக்குக் கரண்டு தேவையில்லை; ஆகவே அது ஆய்வுக்கு அப்பாற்பட்டது. ஆய்வுக் காலம்: பங்குனி முதல் வைகாசி முடிய. அதற்கப்புறம் கணவாய்க் காற்று கிளம்பிவிடும். பந்தலைப் பிடித்துக்கொண்டு நிற்பவரிடம் பேட்டி எடுப்பது நாகரிகமல்ல.

முதலில் வரலாறு. இக்குதாரோ காக்கேஹாஷி என்ற ஜப்பானியர் 1972-இல் ஒசாகாவில் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனம் 1985-இல் ஆக்டோபேடு என்றொரு பெட்டியை வெளியிட்டது. அடித்தால் சத்தம் வராத மேளம் அது. அதற்குள் ஒலியே கிடையாது. அடி விழுந்த செய்தியை ‘மிடி’ வயர் வழியாக வேறொரு கருவிக்குச் சொல்லும், அந்தக் கருவிதான் ஒலிக்கும். பிறகு ஒலியும் உள்ளேயே குடியேறியது; 1998-இல் வந்த எஸ்பிடி-20 மாடலில் 700 ஒலிகள் இருந்தன. தபேலாவும் அவற்றில் ஒன்று. திருவிழாக் கமிட்டிகளுக்கு இதில் ஒரு வசதி இருந்தது. தபேலாக்காரர், டோலக்காரர், டிரம்ஸ்காரர் ஆகிய மூவருக்குத் தனித்தனியே பேசிய சம்பளமும் சாப்பாடும் ஒருவரோடு முடிந்தன. தேவாரத்தில் ரிதம் பேடு வேரூன்றியதற்கு இசைக் காரணம் தேடுவோர் இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

இனி பின்புறம். ‘அவுட்புட்’ என்ற தலைப்பின் கீழே இரண்டு துளைகள் இருக்கும். ஒன்றில் ‘எல்’ என்றும் அதனருகே ‘மோனோ’ என்றும் எழுதியிருக்கும், மற்றதில் ‘ஆர்’. இரண்டிலும் வயரின் பின்னைச் சொருகினால் ஒலி இடம் வலமாகப் பிரிந்து போகும். இடத்தில் மட்டும் சொருகினால் இரண்டு பக்கத்து ஒலியும் சேர்ந்து அந்த ஒரே வயரில் வந்துவிடும். வலத்தில் மட்டும் சொருகினால் பாதிதான் வரும். மீதி பெட்டிக்குள்ளேயே தங்கிவிடும். அதாவது இடத்துக்கு வலத்தின் சுமையையும் தாங்கத் தெரியும்; வலத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை. இதையே இக்கட்டுரை இடது துளைக் கோட்பாடு என்கிறது.

இந்தக் கோட்பாடு இம்மண்ணுக்குப் புதிதல்ல. தேவாரத்தை அடுத்த பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலுக்கு மலையேறிப் போய், தோட்டத் தொழிலாளர்களிடையே கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடினார். அவருடைய தம்பி இளையராஜா 1986-இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்குக் கம்ப்யூட்டரைத் துணைக்கு வைத்துக்கொண்டு இசையமைத்தார். அண்ணனிடமிருந்து இடதையும் தம்பியிடமிருந்து மின்னணுவையும் எடுத்துச் சேர்த்தால் கிடைப்பது ‘எல் (மோனோ)’ துளையே. இதைத் தற்செயல் என்போர் தக்க சான்றுடன் மறுக்கலாம்.

மோனோவுக்குச் சமூகக் காரணமும் உண்டு. கோயில் மைதானத்தில் பெண்கள் ஒரு பக்கமும் ஆண்கள் ஒரு பக்கமுமாக உட்காருகிறார்கள். மேடையின் இரு புறமும் பாக்ஸ் அடுக்கியிருக்கிறது. ஸ்டீரியோவில் விட்டால் பெண்கள் பக்கம் டக்கா மட்டும் போகும், ஆண்கள் பக்கம் ஜால்ரா மட்டும் போகும். ஒரே வரி கொடுத்தவர்களுக்குப் பாதிப் பாதி தாளம் கொடுப்பது நியாயமா? மைக்செட்காரர் இவ்வளவு தூரம் யோசித்தாரா என்று கேட்கக் கூடாது. அவருடைய மிக்சரில் ஒரு சேனல்தான் மிச்சமிருந்தது.

கோட்பாட்டின் நுட்பமான பகுதி இனிமேல்தான். வலத் துளை காலியாக இருந்தால்தான் இடம் இரண்டையும் சுமக்கும். இவ்வகைத் துளைகளுக்குள் வழக்கமாக ஒரு சின்னத் தகடு இருக்கும். பின் உள்ளே நுழைந்ததும் அது விலகி, வலத்திலிருந்து இடத்துக்குப் போகும் தொடர்பை அறுத்துவிடும். அந்த வயரின் மறுமுனை எங்கேயும் போகாமல் தொங்கினாலும் சரி, தகட்டுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. கள ஆய்வில் பதிவான உரையாடல்:

“அண்ணே, டக்கா கேக்குது, தபேலாவக் காணோம்ணே.”

“ஆர்ல என்னடா தொங்குது?”

“அது சும்மாண்ணே. ஸ்பேர் வயரு. கீழ கெடந்தா யாராச்சும் மிதிச்சுருவாகன்னு சொருகி வச்சேன்.”

அதற்குப் பின் அண்ணன் சொன்னது ஆய்வுக் கட்டுரைகளில் அச்சிடத் தக்கதல்ல.

அவுட்புட், ஹெட்போன், கால் சுவிட்சு, வெளிப் பேடு மாட்டும் ட்ரிக்கர் ஆகிய துளைகள் எல்லாம் ஒரே அளவு; எல்லாவற்றிலும் அதே கால் இஞ்சுப் பின் நுழையும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒருவரை இன்னொருவரோடு இணைத்துவிடும் வேலைக்காகச் செய்த பின் இது. அங்கே எல்லாத் துளையும் ஒரே வேலை செய்தது, ஆகவே ஒரே வடிவம் போதுமானதாக இருந்தது. பேட்டின் பின்புறமோ இருட்டு, எழுத்து பொடி, நாட்டாமை பேசி முடிக்கப் போகிறார். இந்நிலையில் பின் ட்ரிக்கர் துளைக்குள் போய்விட்டால் மேடையில் பூரண அமைதி நிலவும். மைக்செட்காரர் வயரைச் சந்தேகிப்பார், வயர்க்காரர் பேட்டைச் சந்தேகிப்பார், கமிட்டித் தலைவர் அட்வான்ஸ் கொடுத்த தன்னையே சந்தேகிப்பார்.

கரண்டு வரும் துளையை விட்டால், வேறு வடிவத்தில் இருப்பது மிடி துளைதான். வட்டத்துக்குள் ஐந்து ஊசி. அவற்றில் மிடி பயன்படுத்துவது மூன்றை. மற்ற இரண்டும் இடத்தை நிரப்புகின்றன. விழாக் கமிட்டியின் விகிதத்தை இங்கே ஒப்பிட ஆய்வு நெறி இடம் தரவில்லை.

அடாப்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை போதும். ரோலண்ட் அடாப்டரின் முனையில் நடுவில் மைனஸ், வெளியே பிளஸ். கடையில் கிடைக்கும் பெரும்பாலானவை இதற்கு நேர் எதிர். ‘சேருதில்ல, அப்புறம் என்ன’ என்று மாட்டியவர்கள் பலர். ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி அடித்துத் தண்ணீர் ஊற்றாவிட்டால் பாக்ஸில் எழும் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் தனி ஆய்வுக்குரியது. அதைச் சுருதி என்று நினைத்துப் பாடத் தொடங்கியவரும் உண்டு.

ஒவ்வொரு ரப்பருக்கும் அடியில் வழக்கமாக ஒரு பீசோ உணரி இருக்கும். அழுத்தம் பட்டால் மின்சாரம் தரும் படிகங்களைக் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்தார்கள். அதன் வழித்தோன்றல்தான் இது. அடியின் பலத்தைப் பேடு 1 முதல் 127 வரை எண்ணாக்கிச் சொல்லும். 0 என்றால் அடியே இல்லை என்று பொருள். ‘த்ரெஷோல்டு’ என்ற எல்லைக்குக் கீழே விழும் தட்டலைக் கணக்கிலேயே எடுக்காது. இங்கேதான் உறுமிக்கும் பேட்டுக்கும் ஒத்துவரவில்லை. உறுமியின் ஒரு தோலை அடிப்பார்கள். மறு தோலில் வளைந்த குச்சியை வைத்துத் தேய்ப்பார்கள், அந்தத் தேய்ப்பில்தான் அது உறுமும். ரப்பரில் குச்சியை விடியவிடியத் தேய்த்தாலும் பேடு வாய் திறக்காது. பதிவு செய்த உறுமியை ஏற்றிவைத்து ஓர் அடி போட்டால், பதிந்த நீளத்துக்கு உறுமிவிட்டு நின்றுகொள்ளும். சாமியாடி பாதியில் நிற்கிறார், உறுமல் தீர்ந்துவிட்டது. மறுபடி அடித்தால் மறுபடி முதலிலிருந்து. அருள் வருவதற்கும் ஒரு அளவு இருக்கிறது என்று அன்றைக்குச் சாமிக்கே தெரிந்திருக்கும். இந்த இடத்தில் ஆய்வாளர் நடுநிலை வகிக்க விரும்பவில்லை: கரகத்துக்கு உறுமிக்காரரையே கூப்பிடுங்கள்.

வால்யூம் குமிழுக்கு வருவோம். இது பேட்டில் இருக்கிறது, ஆனால் பேடு வாசிப்பவரிடம் இல்லை. குத்துப்பாட்டு வந்ததும் அவர் குமிழை நைசாகத் திருகுவார். மைக்செட்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தன் ஃபேடரை அதே அளவு இறக்குவார். இப்படியே இரண்டு மூன்று பாட்டில் குமிழ் கடைசிக்குப் போய்விடும். அதற்கு மேல் திருக வழியில்லாதவர் கையில் பலத்தைக் கூட்டுவார். ஆனால் 127-க்கு மேல் எண் இல்லை. பேட்டைப் பொறுத்தவரை ஓங்கி அடித்தவரும் வெறிபிடித்து அடித்தவரும் ஒன்றே. வித்தியாசம் குச்சியின் ஆயுளில்தான் தெரியும்.

இந்தப் போருக்கு முடிவுரை எழுதுவது அரசாங்கம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. அரசு சிறப்பு அனுமதி தரும் சில நாட்களில் மட்டும் அது நள்ளிரவுவரை நீளும். விதியைவிடக் கறாரானது ஏலக்காய்த் தோட்டத்து ஜீப். விடியற்காலையில் அது வேலைக்கு ஆள் ஏற்ற வந்து ஹாரன் அடிக்கும் என்பதால் முன்வரிசைப் பெண்கள் பத்துக்கெல்லாம் பாயைச் சுருட்டத் தொடங்கிவிடுவார்கள். எனவே குழு கடைசிப் பாட்டை ஒரு சரணத்தோடு முடித்து, ‘நன்றி வணக்கம்’ சொல்லி, அவசர அவசரமாகப் பேட்டை மூட்டை கட்டும். பேடு வாசிப்பவர் இடது துளையிலிருந்து பின்னை அப்படியே பிடுங்குவார். சேனல் திறந்துதான் இருக்கிறது. இரு பக்கத்துப் பாக்ஸும் ஒரே நேரத்தில் ‘டொப்’ என்று வெடிக்கும், அன்றைக்கு அவர் அடித்த எந்த அடியைவிடவும் பலமாக.

“ஏப்பா, மியூட் போடச் சொல்லிட்டுப் பிடுங்க மாட்டியா?”

“நீங்க எங்கண்ணே எஞ்சத்தத்த ஏத்துனீங்க?”