உண்ணி கடித்தால் கால் விளங்காமல் போகுமா?

கே: உண்ணி கடித்தால் கை கால் விளங்காமல் போய்விடுமாமே, நிஜமா? (வாசகர், வெள்ளிமலை)

ப: நிஜம்தான். ஆனால் நம் நாட்டில் மிக அபூர்வம். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலும் வட அமெரிக்காவின் ராக்கி மலைப் பக்கமும்தான் அதிகம். பெண் உண்ணி சில நாள் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும்போது, எச்சிலோடு ஒரு நரம்பு நஞ்சும் உள்ளே இறங்கும். முதலில் கால் தள்ளாடும். பிறகு தளர்ச்சி கைக்கு ஏறும். மூச்சுத் தசையைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்க உண்ணியைப் பிடுங்கிவிட்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் எழுந்து நடந்துவிடுவார்கள். ஆஸ்திரேலிய உண்ணியோ, எடுத்த பிறகும் நிலைமையை மோசமாக்கலாம்.

கே: அப்படியானால் கல்வராயன் மலையில் நாங்கள் நிம்மதியாக இருக்கலாமா? (வாசகி, கள்ளக்குறிச்சி)

ப: கூடாது. தமிழ்நாட்டில் ஆளைக் கொல்வது ஸ்க்ரப் டைபஸ். உண்ணிக் காய்ச்சல் என்று செய்தித்தாளில் வருகிறதே, அதுதான். கொண்டுவருவது மாட்டு உண்ணி அல்ல. புதரில் இருக்கும், கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு. கடுக்காய் பொறுக்கப் போகிறவர், விறகுக்குப் போகிறவர், ஆடு மேய்க்கிறவர் எல்லோரையும் கடிக்கும். கடித்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி. மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில்தான் அதிகம்.

அக்குளிலோ, தொடை இடுக்கிலோ, மார்புக்கு அடியிலோ, புடவை இறுக்கும் இடுப்பிலோ பாருங்கள். சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. வலிக்காது, அரிக்காது, அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. எல்லோருக்கும் அது இருக்கும் என்றும் இல்லை. டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மாத்திரையை டாக்டர் காலத்தில் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும். விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பரவும். முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பில் ஏற்றுவதே மேல் என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் காட்டியது.

கே: ஒட்டிய உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவலாமா?

ப: வேண்டாம். தீக்குச்சியும் வேண்டாம். சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக, மெல்ல இழுங்கள். விரலால் நசுக்காதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கே: ஆடு மேய்க்கும் பையன், காதுக்குள் ஏதோ குடைகிறது என்கிறான்.

ப: குச்சியால் நோண்டாமல் காது மருத்துவரிடம் காட்டுங்கள். இலங்கையில் காதுக்குள் உண்ணி புகுவது சகஜம். அப்படிப் புகுந்து முகம் ஒரு பக்கம் கோணிப்போனதும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது.

கே: குரங்குக் காய்ச்சல்?

ப: 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா காட்டில் கண்டறிந்தது. அதையும் உண்ணிதான் பரப்புகிறது. காட்டில் குரங்கு செத்துக் கிடந்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கே: காய்ச்சலோடு போனால் டாக்டரிடம் என்ன சொல்வது?

ப: “புதர்க்காட்டுக்குப் போய் வந்தேன்” என்பதை முதலில் சொல்லுங்கள். கூச்சப்படாமல் உடம்பு முழுக்கப் பார்க்கச் சொல்லுங்கள். பெண்கள் நர்சம்மாவிடமாவது காட்டுங்கள். வெறும் காய்ச்சல் மாத்திரையை விழுங்கிவிட்டு ஐந்தாறு நாள் வீட்டில் படுத்திருக்காதீர்கள்.