ஆழி இலக்கணம்

ஆழி என்னும் சொல்லுக்கு நிகண்டுகள் கடல் என்றும் சக்கரம் என்றும் பொருள் சொல்லும். மோதிரம் என்றும் சொல்லும். அது நகைக்கடைக்காரர் பாடு. ஒரே சொல் இரண்டு பொருளை எப்படித் தாங்கும் என்று ஐயுறுவோர் அரியலூருக்கு வரவேண்டும். சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. இன்று அந்தக் கடலடியின் சுண்ணாம்புக்கல்லை வெட்டி லாரியில் ஏற்றி சிமென்ட் ஆலைக்குக் கொண்டுபோகிறார்கள். ஆழி போய் ஆழி வந்தது. அந்த லாரியின் பின்னால், முந்த வழியின்றி, இரண்டாம் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும் எஸ்யூவியின் நான்கு டயர்களே இந்நூலின் பாடுபொருள்.

இது என்னுதலிற்றோ எனின், தேய்ந்த டயரை மாற்றப் புகுந்தவன் எத்தகைய டயரை வாங்கினால் வீட்டில் ஏச்சு வாங்கான் என்பது உணர்த்துதல் நுதலிற்று. பெரம்பலூரில் இதைச் செய்வானேன் எனின், அவ்வூருக்கு ரயில் கிடையாது. ரயிலைப் பார்க்கவேண்டுமென்றாலே டயரில் ஏறி அரியலூருக்குப் போகவேண்டும். அங்ஙனம் டயரையே நம்பி வாழும் ஊரில் அதற்கோர் இலக்கணம் இதுவரை எழுதப்படாதது புலவர்களின் குற்றம்.

ஆங்கிலத்தில் டயர் என்பது உடை என்னும் பொருளுள்ள சொல்லின் குறுக்கம் என்பர். சக்கரம் உடுத்திய உடை அது. எங்கள் வட்டாரத்தில் இந்தச் சொல்லாராய்ச்சியை யாரும் படிக்கவில்லை. ஆனால் அனைவரும் கடைப்பிடிக்கிறார்கள். என் மாமா ஒருவர், அம்மாவின் தம்பி, சென்ற ஆண்டு தம் வண்டிக்கு ஆல் டெரெய்ன் டயர் போட்டார். கரடுமுரடான கட்டைகள், பக்கவாட்டில் வெள்ளை எழுத்து, பாறையைப் பார்த்தால் கடித்துவிடுவது போன்ற தோற்றம்.

"எதுக்கு மாமா இது?"

"ஆஃப் ரோடு போனா வேணும்ல மாப்ளே."

"எப்ப போனீங்க?"

சற்று யோசித்தார். "போன ஆவணியில. கல்யாண மண்டபத்துப் பின்பக்கம் பார்க்கிங் முழுக்க மண்ணுதான்."

மாமா கூற்றை மறுக்குமுன் நிலத்தை ஆராய்வது முறை. டயர் நிலத்தின்பாற்பட்டது, தமிழர் நிலத்தைத் திணையாக வகுத்தவர். குறிஞ்சிக்குப் பச்சைமலை உண்டு. அதற்கும் தார்ச்சாலை போய்விட்டது. மருதத்துக்குத் திருமானூர்ப் பக்கம் கொள்ளிடக் கரை உண்டு. அங்கே வயலுக்குள் இறங்குவது டிராக்டரின் வேலை, அதில் எஸ்யூவி தலையிட்டால் மரியாதைக் குறைவு. நெய்தல் எப்போதோ காலாவதி. பாலை மட்டும் செழிப்பாக இருக்கிறது: மே மாதத்துப் பகல் இரண்டு மணிக்கு, திருச்சியிலிருந்து சென்னை நோக்கிப் போகும் நான்குவழிச் சாலை.

எஞ்சியது கரிசல். மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் பெரம்பலூர்க் கரிசல் காட்டுக்கு ஆல் டெரெய்ன் வேண்டும் என்பார் உளர். அது பொருந்தாது. ஐப்பசி மழையில் நனைந்த கரிசல், டயரின் பள்ளங்களில் அப்பி, இரண்டு சுற்றில் அதை எண்ணெய் தடவிய உருண்டையாக்கிவிடும். அதன்பின் ஆல் டெரெய்னும் ஹைவே டெரெய்னும் ஒன்றே. இரண்டையும் இழுத்து வெளியே போடுவது அதே டிராக்டர்தான். அதே இருநூறு ரூபாய்தான்.

ஆகவே நம் வண்டி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நேரம் ஓடுவது தார்ச்சாலையில். அதற்குரியது ஹைவே டெரெய்ன் டயர். அதன் நடுவே அறுபடாத வரிகள் நீளவாட்டில் ஓடும், சாலையோடு ஒட்டிப் போகும், ஓசை குறைவு. ஆல் டெரெய்ன் டயரில் கட்டை கட்டையாக இருப்பதால் ஒவ்வொரு கட்டையும் தரையை அறையும், இடையே சிக்கிய காற்று பிதுங்கி வெளியேறும். இரண்டும் சேர்ந்து எண்பது கிலோமீட்டர் வேகத்தில் மாவு மில்லுக்குள் உட்கார்ந்த சுகத்தைத் தரும். டயர் செய்வோர் இந்தக் கட்டைகளை வேண்டுமென்றே ஒரே நீளமாக வெட்டாமல் சிறிதும் பெரிதுமாகக் கலந்து அடுக்குகிறார்கள். எல்லாம் ஒரே சுருதியில் பாடினால் காது தாங்காது என்பதே காரணம். கச்சேரிக்கும் இது பொருந்தும்.

இனிக் கல் பற்றி. லாரியிலிருந்து சிந்தும் சுண்ணாம்புக்கல் சில்லு டயரின் வரிகளுக்கிடையே செருகிக்கொண்டு டிக் டிக் என்று அடிக்கும். வீட்டு வாசலில் குந்தி, ஸ்க்ரூடிரைவரால் அதை நெம்பி எடுப்பவர் தாம் செய்வது அகழாய்வு என்பதை உணர்வதில்லை. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் சிப்பி ஓடுகள் மண்டியது. நான்கு மாதத்து டயரில் ஏழு கோடி ஆண்டுச் சிப்பி சிக்கியிருக்கலாம். தூக்கி எறியுமுன் ஒரு தரம் பார்ப்பது நல்லது. வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போனவர்கள் அம்மோனைட் என்ற உயிரியைக் கண்டிருப்பர். நத்தைபோல் வட்டமாகச் சுருண்ட ஓடு. வெளிவிளிம்பில் வரிசையாகப் பட்டைகள். பார்த்தால் டயர்தான். அந்த வரி பத்துக் கோடி ஆண்டாகத் தேயவில்லை. நம்முடையது ஐம்பதாயிரம் கிலோமீட்டர் வந்தால் இனிப்பு வழங்குகிறோம். வரியின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு இறங்கினால், பள்ளத்தின் அடியில் சிறு மேடாக இருக்கும் தேய்மானக் குறியோடு அது சமமாகும். அதற்குமேல் ஓட்டினால் ஐப்பசியில் தண்ணீருக்கு ஒதுங்க இடமில்லை, வண்டி மிதக்கும். பழைய நெய்தல் அவ்வாறு திரும்பும்.

டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் சாசனத்தை வாசிக்கப் பழகவேண்டும். 235/65 ஆர் 17 104 எச் என்று இருக்கிறது எனக் கொள்வோம். 235 அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. கணக்கிட்டால் சுமார் 153 மில்லிமீட்டர். ஆர் என்றால் ரேடியல். 17 உள்ளே இருக்கும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாங்கும். அரியலூர்க் கடைத்தெருவில் குறுக்கே படுத்திருக்கும் ஆட்டுக்கு இந்த எழுத்து தெரியாது.

104 என்பது பாரக் குறியீடு: ஒரு டயருக்கு 900 கிலோ. இதை வள்ளுவரே வலியறிதல் அதிகாரத்தில் தொட்டிருக்கிறார். மயிலிறகே ஆனாலும் அளவு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும் என்ற கருத்து அவருடையது. உரையாசிரியர் எவரும் இதை டயர்க் குறிப்பாகக் கொள்ளாதது வியப்பு. குலதெய்வத்துக்குக் கிடா வெட்டப் போகையில் ஏழு பேர் வண்டியில் பதினொருவர், அண்டா, குண்டான், கிடா ஆகியவற்றோடு புறப்படுவோர், 104 இருந்த இடத்தில் விலை மலிவென்று 98 வாங்கக்கூடாது. 98 என்றால் 750 கிலோதான்.

சுகம் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு வருவோம். சுகம் அந்த 153 மில்லிமீட்டரில் இருக்கிறது. அழகுக்காக 18 அங்குல ரிம்முக்கு மாறி 235/60 போட்டால் டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய அதேதான். பக்கச் சுவர் மட்டும் 141-க்கு இறங்கும். போனது 12 மில்லிமீட்டர், ஒரு சுண்டுவிரல் கனம். இதை அளக்க நுட்பமான கருவி எங்கள் வீட்டில் உண்டு: பின்சீட்டில் அமரும் அப்பாயி. அவர் இடுப்பு வேகத்தடையில் ஒரு மில்லிமீட்டர் மாறுதலையும் பதிவு செய்து, ஒலிவடிவில் வெளியிடும். மாமாவின் வண்டியில் ஒருமுறை சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பியபோது, "இதுக்கு மாட்டு வண்டியே தேவல" என்று தீர்ப்பளித்தார். அது டன்லப் வண்டியா, மரச்சக்கர வண்டியா என்று கேட்டேன். மரச்சக்கரம்தான் என்றார்.

பிறந்த நாளும் பார்க்கவேண்டும். சாசனத்தின் ஓரத்தில் நான்கு எண்கள் இருக்கும். 1424 என்றால் 2024-ஆம் ஆண்டின் 14-ஆம் வாரத்தில் பிறந்தது. ஒரு கடையில், ஊரும் பெயரும் வேண்டாம், எனக்குக் காட்டிய டயர் நான்கு வயது முடிந்தது. கேட்டதற்குக் கடைக்காரர் சளைக்கவில்லை. "ரப்பர் நல்லா செட் ஆயிருக்கு சார்." பழைய அரிசிக்கும் ஊறுகாய்க்கும் உரிய இலக்கணத்தை ரப்பருக்கு ஏற்றியது வழு. ரப்பர் நாள்பட இறுகும். இறுகினால் ஈரச்சாலையில் பிடிப்புப் போகும். ஆறு மாதத்துக்குட்பட்டதைக் கேட்டு வாங்குக.

எந்தக் கம்பெனி என்று கேட்போருக்கு இந்நூல் விடை சொல்லாது. எங்கள் மாவட்டத்து நாரணமங்கலத்திலேயே எம்.ஆர்.எஃப். ஆலை இருக்கிறது, ஊர்ப்பற்றுக்கு அது போதும். அந்தக் கம்பெனியைத் தொடங்கிய கே.எம்.மாமன் மாப்பிள்ளை 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் செய்தது பொம்மைப் பலூன். பலூனுக்கும் டயருக்கும் இலக்கணம் ஒன்றே: விலை ரப்பருக்கு, வேலை காற்றுக்கு. பதினையாயிரம் ரூபாய் டயரை வாங்கி, காற்றை மட்டும் கண்ணால் பார்த்து மதிப்பிடுவோர் நம்மிடையே மிகுதி. காலால் ஒரு உதை உதைத்துத் தலையசைப்பதும் உண்டு. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் உள்விளிம்பில் எத்தனை பவுண்டு என்று எழுதியிருக்கிறது. அதுவே பிரமாணம். ஓடிச் சூடேறிய டயரில் அளந்தால் அளவு கூடுதலாகக் காட்டும், காலையில் அளக்கவேண்டும். காற்று குறைந்த டயரின் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து கொதிக்கும். மேற்சொன்ன பாலைத்திணையில் வெடிப்பவற்றில் பல இவ்வகை.

கையில் காசில்லாமல் இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதியதை எங்கே போடுவது? முன்னால் என்று பட்டறையில் அனைவரும் ஒருவாய்ப்படச் சொல்வர். பின்னால் போடுக. மழையில் முன்சக்கரம் வழுக்கினால் ஸ்டியரிங்கில் உணர்ந்து வேகத்தைக் குறைக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி திரும்பி நின்று உங்களையே பார்க்கும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு இந்தச் சலுகை இல்லை. நான்கையும் சேர்த்தே மாற்றவேண்டும்.

ஸ்டெப்னி என்ற சொல் தமிழன்று. வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில், 1904 வாக்கில் டேவிஸ் சகோதரர்கள் உபரிச் சக்கரம் செய்து விற்றார்கள். தெருப் பெயர் கப்பலேறி வந்து எங்கள் பஞ்சர் கடைகளில் குடியேறிவிட்டது. இப்போது பல எஸ்யூவிகளில் அது மற்ற நான்கைவிட மெலிந்தது. எண்பதுக்கு மேல் ஓட்டாதே என்று அதன்மேலேயே எழுதியிருக்கும். கடைசியாக அதற்குக் காற்று அடித்தது எப்போது என்று மாமாவிடம் கேட்டேன். வண்டி வாங்கின அன்றைக்கு ஷோரூமில் அடித்திருப்பார்கள் என்றார்.

நாளை காலை, வண்டி சூடேறுமுன், உங்கள் ஸ்டெப்னியையும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.