தாங்கும் சக்திக்கு ஒரு தரைத்தளம்

மனவுறுதி வளர்ப்பது எப்படி என்று நட்சத்திர ஓட்டல்களில் பயிற்சி வகுப்பு நடத்திக் காசு வாங்குகிறார்கள். சென்னையில், வேளச்சேரிப் பக்கம் தரைத்தளத்தில் குடியிருந்தால் அதே பாடம் ஓசியிலேயே கிடைக்கும்.

பாடத்திட்டமும் விரிவானது. 2015 டிசம்பரில் அடையாறு கரை தாண்டி வீடுகளுக்குள் வந்தது. 2016-இல் வர்தா புயல் மரங்களைச் சாய்த்தது. 2019 கோடையில் ஏரிகள் காய்ந்து, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசை. 2023-இல் மிக்ஜாம் புயல் புண்ணியத்தில் மறுபடி வெள்ளம்.

'உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பதில் மட்டும் கவனம் செலுத்துங்கள்' என்பார் பயிற்சியாளர். மழைநீர் வடிகால் நம் கட்டுப்பாட்டில் இல்லை, ஸ்டூல் இருக்கிறது. எனவே இன்வெர்ட்டர் ஸ்டூல் மேல், அரிசி மூட்டை பரண் மேல், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் பாலித்தீன் பைக்குள். வானிலைச் செய்தியில் 'ஆரஞ்சு' என்று காதில் விழுந்ததுமே கார் மேம்பாலம் ஏறிவிடும். பதற்றமெல்லாம் கிடையாது, நாலு பால் பாக்கெட் கூடுதலாக வாங்குவதோடு சரி.

தண்ணீர் வடிந்ததும் மேடைதோறும் மக்களின் மனவுறுதிக்குப் பாராட்டு. பாராட்டுக்கு டெண்டர் விட வேண்டாம், தூர்வாரவும் வேண்டாம்.

இடர்களைத் தாங்கி மீளும் 100 நகரங்கள் என ராக்பெல்லர் அறக்கட்டளை ஒரு திட்டம் தொடங்கி, சென்னையையும் சேர்த்துக்கொண்டது. 2019-இல் அந்தத் திட்டத்தையே மூடிவிட்டார்கள். சென்னைவாசி அதையும் தாங்கிக்கொண்டார்.