துணியும் தாரும் தாங்கும் சாலை

கேள்வி: மழையில் சேறாகும் மண்சாலையில் துணியை விரித்துத் தார் ஊற்றினால் மண் உறுதிப்படுமா?
– வாசகர், குளத்தூர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: உறுதிப்படும், ஆனால் பழைய வேட்டி போதாது. 1926-இல் அமெரிக்காவின் தென் கரோலினா நெடுஞ்சாலைத் துறை, மண்தளத்தின்மீது கனத்த பருத்தித் துணியை விரித்து, சூடான தாரை (பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் பிட்டுமனை) ஊற்றி, மணல் தூவிச் செய்த சோதனையில், துணி மட்கும்வரை விரிசலும் பெயர்தலும் குறைந்திருந்தன. பருத்தியைவிட மெதுவாக மட்குவது தென்னை நார். காரணம், செல்களை இறுக்கிப் பிணைக்கும் லிக்னின் என்னும் பொருள் அதில் மிகுதி. அந்நாரால் நெய்த புவித்துகில், அதாவது மண்ணுக்கும் ஜல்லிக்கும் இடையே விரிக்கப்படும் துணி, ஜல்லி சேற்றில் புதையாமல் தடுத்து நீரை மட்டும் கசியவிடுவதால், அது மட்குவதற்குள் அடிமண் இறுகி வலுப்பெற்றுவிடுகிறது. பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் இதைப் பயன்படுத்த 2020-இல் மத்திய அரசு முடிவெடுத்து, தமிழ்நாட்டுக்கு 369 கிலோமீட்டர் ஒதுக்கியது. தென்னை விளையும் மாநிலத்துக்கு இது மிகப் பொருத்தமான முடிவு. எனினும் துணி கசியவிடும் நீர் வெளியேற வழி வேண்டும் என்பதால், குளத்தூர் மக்கள் கிராம சபையில் துணியோடு சாலையோர வடிகாலையும் கேட்டுப் பெற வேண்டும்.