வைஃபை அடைப்பும் ஊக்கு வைத்தியமும்: போடி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

வீட்டு ரவுட்டரின் வாசலை அடைப்பவர் அந்த வீட்டுக்காரரே என்பது இவ்வாய்வின் கருதுகோள். களம், போடிநாயக்கனூர் டவுன் தொடங்கி, 17 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போடிமெட்டு செக்போஸ்ட் வரை. அதற்கு அப்பால் கேரளம். எல்லையில் நிற்கும் செல்போன் எந்த மாநிலத்து டவரைப் பிடிப்பது என்று தவிக்கும். ஆகவே முடிந்தவர்கள் வீட்டுக்கு ஃபைபர் இழுத்து ரவுட்டர் வைக்கிறார்கள். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்தில் அன்றைக்குக் காய் என்ன விலை போனது என்று வாட்ஸ்அப்பில் பார்க்கும் ஊர் இது. நெட் நின்றால் வீட்டில் முதலில் எழும் குரல் ஏலக்காய் வியாபாரியுடையது. பிள்ளைகளின் குரல் இரண்டாவதுதான்.

நோய்முதலைத் தேடிப் போனால் சமையலறைச் சுவரில் முட்டுகிறோம். ஹாலில் இருக்கும் ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதைத் தாண்டத் திணறும். (பக்கத்திலேயே பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் கட்ட 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது; எதிர்ப்பில் திட்டம் சிக்கிக்கொண்டது. மலையையே ஊடுருவும் துகளைப் பிடிக்கத் தேர்ந்தெடுத்த வட்டாரத்தில், செங்கல் சுவரைத் தாண்டாத அலையோடு ஜனங்கள் மல்லுக்கட்டுவது தனி ஆய்வுக்குரியது.) சுவர் தாண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றலாம் என்று வீட்டுத் தலைவர் செட்டிங்ஸைத் திறக்கிறார். வந்த வேலை உடனே முடிந்துவிடும். திறந்த பக்கத்தை மூடத்தான் மனம் வராது.

அடைப்புகளில், பாஸ்வேர்டை மாற்றி மறப்பது பாமர வகை, விரிக்க வேண்டியதில்லை. வைஃபை வழியாகவே உள்ளே போய் அந்த வைஃபையை அணைப்பது, நுனிக்கொம்பில் உட்கார்ந்து அடிக்கொம்பை வெட்டும் மரபைச் சேர்ந்தது. 192.168.1.1 என்ற ரவுட்டர் முகவரியை மாற்றிவிட்டு, மாற்றிய எண்ணை மறப்பவர்களும் உண்டு. 192.168 என்று தொடங்கும் எண்களை உள்வட்ட உபயோகத்துக்கென்று இணையப் பொறியாளர்கள் 1994-ல் ஒதுக்கினார்கள். ஊரில் எல்லா வீட்டிலும் அதே எண் இருந்தாலும் குழப்பமில்லை. அது வாசற்படி தாண்டாது. இந்தச் சமத்துவம் சிலருக்கு ஒப்புவதில்லை.

ஆய்வாளனின் தனிப் பிரியத்துக்குரியது, பக்கத்து வீட்டுப் பையன் மீதான சந்தேகத்தால் வரும் அடைப்பு. பையன் நம் வைஃபையைத் திருடுகிறான் என்று முடிவுகட்டி, மேக் ஃபில்டர் என்ற பகுதியில் அனுமதிப் பட்டியல் போடுகிறார் தலைவர். போனின் மேக் எண்ணைப் பார்த்துப் பார்த்து டைப் செய்கிறார். ஆனால் 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், போன்கள் வைஃபையில் தம் அசல் எண்ணைச் சொல்லாமல் புனைபெயரில் நுழைகின்றன. ரவுட்டர் பட்டியலைப் பார்க்கிறது. இப்பெயரில் யாரும் இல்லை. முதலாளியை வெளியே நிறுத்துகிறது. பையனிடம் சொந்தமாக டேட்டா பேக் இருந்தது பிறகு தெரியவரும்.

அடுத்து, கனெக்‌ஷன் கொடுத்த தம்பிக்கு போன் போகிறது.

“தம்பி, நெட்டு வரலப்பா.”

“மோடத்துல சிவப்பு லைட்டு எரியுதாண்ணே?”

“இல்ல, எல்லாம் பச்சைதான்.”

“செட்டிங்ஸ் எதுவும் மாத்துனீங்களா?”

“நான் எதையும் தொடவே இல்லையே!”

கடைசி வாக்கியம் போடியிலும் தேனியிலும் கம்பத்திலும் பாடபேதமின்றி வழங்குகிறது. சிவப்பு விளக்கு பற்றிய கேள்வியோ மெய்யான சோதனை. எல்.ஓ.எஸ். விளக்கு சிவந்தால் ஃபைபரில் ஒளி வரவில்லை. மழைக்காலத்தில் மலைப்பாதையில் மரம் விழுந்து அறுந்திருக்கலாம். எல்லாம் பச்சையென்றால் குற்றவாளி வீட்டுக்குள் இருக்கிறார்.

சிகிச்சையில் முதலாவது லேன் வயர். வைஃபையை அடைக்கும் தவறுகள் பெரும்பாலும் வயரை அடைப்பதில்லை. கம்ப்யூட்டரில் செருகி, ‘டீஃபால்ட் கேட்வே’ என்ற இடத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். அதுதான் ரவுட்டரின் இன்றைய முகவரி. அங்கே ஒன்றுமில்லாமல், கம்ப்யூட்டரின் எண் 169.254 என்று தொடங்கினால், யாரும் முகவரி தராததால் அது தனக்குத் தானே ஒன்று சூட்டிக்கொண்டது என்று பொருள்; ரவுட்டரில் முகவரி வழங்கும் டி.எச்.சி.பி.யை யாரோ அணைத்திருக்கிறார்கள். ரவுட்டர் 192.168.1.1 என்றால் கம்ப்யூட்டருக்கு 192.168.1.50 என்று கையால் கொடுத்தால் வாசல் திறக்கும்.

ஆனால் வயர் தேடும் பொறுமை யாருக்கும் இல்லை. 2010 கடைசியில் நின்ற மதுரை–போடி ரயில் 2023 ஜூனில் திரும்பும்வரை காத்திருந்த ஊர், நெட்டுக்கு அரை மணி நேரம் காத்திராது. ஆகவே ரீசெட் துளை. ஏலக்காயை எட்டு மில்லி, ஏழு மில்லி என்று சல்லடையில் தரம் பிரிக்கும் ஊருக்குத் துளையின் அளவு சொல்லித்தர வேண்டியதில்லை. மூட்டை தைக்கும் கோணி ஊசி நுழையாது என்பதைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார்கள். விளக்குமாற்று ஈர்க்குச்சி உள்ளேயே ஒடியும். திருகாணி கழற்றிய தோட்டின் தண்டு பல சமயம் எட்டாது. நிலைத்த புகழ் ஊக்குக்கே. சட்டென்று குத்தி எடுத்தால் பயனில்லை. பல ரவுட்டர்களில் பத்து நொடி அளவுக்கு அழுத்திப் பிடித்து, எல்லா விளக்கும் அணைந்து எரிவதைப் பார்க்க வேண்டும்.

இப்போது ரவுட்டரின் அடியில் ஒட்டிய பாஸ்வேர்டு வேலை செய்யும். நெட் மட்டும் வராது. ரீசெட், தவறான செட்டிங்கோடு கம்பெனி கொடுத்த யூசர் நேம், பாஸ்வேர்டு, சில இடங்களில் வீலேன் எண் எல்லாவற்றையும் சேர்த்தே துடைத்துவிடுகிறது. மறுபடியும் தம்பிக்கு போன். அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருப்பார்.

ஆகவே ஊக்கை எடுப்பதற்கு முன், அந்த யூசர் நேமையும் பாஸ்வேர்டையும் கேட்டு வாங்கி, காய்க் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். நோட்டைப் பிள்ளைகள் கிழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.