இருப்புப் பதிவேட்டில் புளூட்டோ

1988-ல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, அறிவியல் எங்கள் பள்ளிக்குப் பெட்டியில் வந்தது. முந்தைய ஆண்டு மத்திய அரசு தொடங்கிய கரும்பலகைத் திட்டம் ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், கற்பிக்கத் தேவையான சாமான்கள் என்று கணக்குப் போட்டிருந்தது. ஆசிரியர்களில் ஒருவர் கூடியவரை பெண்ணாக இருக்க வேண்டும். ஆக, மன்னார்குடிப் பக்கத்து ஈராசிரியர் பள்ளியில் காந்தம், பூதக்கண்ணாடி வகையறாக்களோடு நானும் ஓர் உருப்படி. என்னைப் பீரோவில் வைத்துப் பூட்டவில்லை, அவ்வளவுதான்.

பெட்டியைப் பூட்டினார்கள். தலைமையாசிரியரைக் குறை சொல்ல முடியாது. ஏதாவது உடைந்தால் அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் வெப்பமானியைக் கரும்பலகையில் வரைந்துதான் பாடம் நடத்தினேன். வெள்ளைச் சாக்பீஸ் தீர்ந்த நாட்களில் பாதரசம் சிவப்பாக ஏறும். உதவிக் கல்வி அலுவலரான ஏ.இ.ஓ. ஆண்டாய்வுக்கு வரும் அன்று மட்டும் பெட்டி திறக்கும். காந்தம் சரி, லென்ஸ் சரி என்று எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அந்த ஆண்டின் அறிவியல் அத்துடன் முறைப்படி நிறைவுறும்.

இப்போது எதற்கும் பூட்டு இல்லை. ஸ்மார்ட் போர்டு வந்திருக்கிறது, கையில் டேப்லெட் இருக்கிறது, பாடப் புத்தகத்திலேயே கியூஆர் கோடு அச்சாகியிருக்கிறது. சோதனைகளைச் செய்யலாம். செய்ததைப் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. மூன்று அவரை விதைகளை ஒரு குச்சியில் மேல், நடு, கீழ் என்று கட்டி, நடுவிதை பாதி நனையும்படி டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைக்கும் பழைய சோதனை இன்றும் உண்டு. மேல் விதைக்குத் தண்ணீர் இல்லை, கீழ் விதைக்குக் காற்று போதாது. இரண்டும் கிடைத்த நடுவிதைதான் முளைக்கும். ஆனால் அதற்குச் சில நாட்கள் ஆகும். போட்டோ வெள்ளிக்கிழமைக்குள் போயாக வேண்டும். விதைக்குக் கிழமை தெரியாது.

எங்கள் ஊரில் அந்தச் சோதனையே கொஞ்சம் அதிகப்படி. ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்த வருஷங்களில், பள்ளி திறந்த கையோடு வீடுகளில் விதைநெல்லை ஊறப்போட்டுக் கோணியில் மூட்டம் போடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு நாள், “விதை முளைக்க என்னவெல்லாம் வேணும்?” என்று கேட்டேன். நீர், காற்று, வெப்பம் என்று புத்தகம் சொன்னது. முன்வரிசைப் பையன், “கோணி டீச்சர்” என்றான். யோசித்தால் அந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்து வைப்பது கோணிதான். போன வருஷம் அதே கேள்வியை மறுபடி கேட்டேன். நடவு இயந்திரம் வந்துவிட்ட காலம் அல்லவா, “ட்ரே டீச்சர்” என்று பதில் வந்தது. முப்பத்தைந்து ஆண்டு வேளாண்மை வரலாறு, இரண்டு தப்பான விடைகளில்.

நாக்குப் பாடமும் இப்படித்தான். நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடியில் கசப்பு என்று நாக்கைத் தாலுகா வாரியாகப் பிரித்த படம் ஒன்று அப்போது எல்லா ஊர்ப் பாடங்களிலும் இருந்தது. 1901-ல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வைப் பிற்பாடு யாரோ மிகைப்படுத்தி வரைந்ததன் விளைவு அது. நாக்கில் எல்லாப் பகுதியும் எல்லாச் சுவையையும் அறியும். வேப்பங்கொழுந்தை நுனிநாக்கில் வைத்துப் பார்த்த ஒரு பெண், “இங்கேயே கசக்குதே டீச்சர்” என்று முகம் சுளித்தாள். காலாண்டுத் தேர்வில் “கசப்பு – அடிநாக்கு” என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினாள். சோதனையின் முடிவு வேறு, தேர்வின் முடிவு வேறு என்பதை அந்த வயதிலேயே கற்றுக்கொண்டவள்.

இடையில் வந்த திட்டங்களைச் சொல்லி மாளாது. செயல்வழிக் கற்றலில் அட்டைகளோடு பாயில் உட்கார்ந்தோம். 2012-ல் முப்பருவ முறை ஓராண்டு அறிவியலை மூன்று புத்தகமாக அறுத்துக் கொடுத்தது. 2022-ல் எண்ணும் எழுத்தும் வந்தது. ஒவ்வொன்றுக்கும் பயிற்சி, டீ, வடை, வருகைக் கையெழுத்து. எதிலும் மாறாதது எங்கள் சுவரில் தொங்கும் கோள்கள் படம் ஒன்றுதான். 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராகா நகரில் கூடிய வானியலாளர்கள் கையைத் தூக்கி ஓட்டுப் போட்டுப் புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு அது சுலபம். எங்கள் இருப்புப் பதிவேட்டிலோ “ஒன்பது கோள்கள் படம் – 1” என்று இருக்கிறது. நீக்க வேண்டுமானால் மேலிட அனுமதி வேண்டும். இன்று ஸ்மார்ட் போர்டில் எட்டுக் கோள்கள் சுற்றுகின்றன, பக்கத்துச் சுவரில் ஒன்பது. கரண்ட் போனால் புளூட்டோ பதவிக்குத் திரும்பிவிடும்.

சமீபத்தில் ஓர் அதிகாரி பார்வைக்கு வந்தார். பீரோவைத் திறக்கச் சொல்லவில்லை. டேப்லெட்டைத் திறந்து, ஐந்தாம் வகுப்புப் பையனிடம், “காந்தம் எதை இழுக்கும்?” என்று கேட்டார். பழைய ஸ்பீக்கரை உடைத்துக் காந்தம் எடுத்து வைத்திருக்கும் பையன் அவன். “ஆத்து மணலை சார். எல்லா மணலையும் இல்ல, கறுப்பா இருக்குமே, அதை மட்டும். அதுல இரும்பு இருக்கு” என்றான். திரையில் கொடுத்திருந்த நான்கு விடைகளில் மணல் இல்லை. அதிகாரி நல்ல மனிதர். கடைசியில் காதில் விழுந்த இரும்பைத் தொட்டுவிட்டு, “வெரி குட்” என்று முதுகில் தட்டினார்.

அவர் வண்டி கிளம்பியதும் பையன் என்னிடம் வந்தான். “நான் மணல்னுதானே டீச்சர் சொன்னேன்?”

“சும்மா இருடா, மார்க் ஏறிடுச்சு” என்றேன்.